துவர் என்னும் சொல்லும் நாட்பட்ட அழற்சி நோயும்

தமிழ்ச் சொற்களுள் ஒரு பொருளின் சுவையையும் நிறத்தையும் அதனால் நிகழும் தொழிலையும் ஒருங்கே உணர்த்துவன சிலவே. 'துவர்' என்பது அத்தகைய சொற்களுள் ஒன்று. இக்கால வேதியியலார் 'டானின்' எனப் பெயரிட்டு வழங்கும் தாவரப் பொருளைத் தமிழர் நாவால் அறிந்து, கையால் பயன்கொண்டு, இச்சொல்லால் குறித்து வந்தனர். அச்சொல்லின் வரலாற்றைத் தொகுத்துக் காண்பதும், அவ்வரலாறு இன்று மருத்துவச் சான்றாகக் காட்டப்படும்போது எவ்வளவு தாங்கும், எவ்விடத்தில் தாங்காது என வரையறுப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

இவ்வாராய்ச்சியில் யாம் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மாமல்லபுரத்திற்கு வடக்கே, வங்கக் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே அமைந்த நெம்மேலியிலிருந்து வந்து எம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர், அச்சிட்ட துண்டறிக்கை ஒன்றைக் கொணர்ந்து காட்டினார். துவர்ப்புடைய காய்களும் பட்டைகளும் முடக்குவாதம் முதலிய நாட்பட்ட அழற்சி நோய்களை அறவே நீக்கும் என்றும், அதற்குச் சிலப்பதிகாரமும் சித்தர் நூல்களும் சான்று என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. அதனை நம்பித் தம் தாயார் மருத்துவமனையில் தந்த மருந்தை நிறுத்திவிட்டுக் கடுக்காய்ப் பொடியை மட்டும் உட்கொண்டு வருகிறார் என்று கூறிய அம்மாணவர், "ஐயா, இலக்கியத்தில் இதற்குச் சான்று உண்டா?" என வினவினார். மருத்துவம் எம் துறையன்று. ஆயின் சான்று எது என்பது எம் துறையே. ஆதலின் விடை கூறும் கடமை எமக்கு நேர்ந்தது.

1. சொல்லும் பொருளும்

துவர் என்பது அறுசுவையுள் ஒன்று. கைப்பு, புளிப்பு, உவர்ப்பு, இனிப்பு, கார்ப்பு என்னும் ஏனைய ஐந்தும் நாவில் பரவும் சுவைகள். துவர்ப்போ நாவைச் சுருக்கி வறட்டும் ஓர் உணர்ச்சி. பழுக்காத வாழைக்காயையோ நாவற்பழத்தையோ மென்றவர் இதனை நன்கறிவர். இச்சொல்லே செந்நிறத்தையும் குறிக்கும். மகளிர் இதழைத் 'துவர்வாய்' என்பதும், புத்தத் துறவியர் உடையைத் 'துவராடை' என்பதும் இலக்கிய வழக்கு. தேவாரத்துள் ஞானசம்பந்தர் புத்தரைக் குறிக்குமிடங்களில் துவராடை பலகால் பேசப்படுதல் அறிஞர் அறிந்ததே.

சுவையும் நிறமும் ஒரு சொல்லில் அடங்கியது தற்செயலன்று. மரப்பட்டைகளையும் வேர்களையும் காய்ச்சி வடித்த செஞ்சாற்றில் ஆடை தோய்த்த காலத்தில், நாவைச் சுருக்கிய பொருளும் ஆடையைச் சிவப்பித்த சாறும் ஒரே கலத்தில் இருந்தன. வடமொழியிலும் இவ்வொற்றுமையைக் காணலாம். 'கஷாயம்' என்பது துவர்ப்புச் சுவைக்கும், பட்டை முதலியவற்றைக் காய்ச்சி இறுத்த நீருக்கும் பெயர். அதனடியாகப் பிறந்த 'காஷாயம்' துறவியர் உடைக்குப் பெயர். இரு மொழிகளும் ஒரே தொழிற்களத்திலிருந்து இப்பொருள்களைப் பெற்றன என்று கொள்வதில் தவறில்லை. இன்று நாம் எவ்வகை மூலிகை நீரையும் கசாயம் என்கின்றோம். அச்சொல்லின் அடியில் துவர் இருப்பதை மறந்துவிட்டோம்.

2. பத்துத் துவர்

துண்டறிக்கை சுட்டிய சிலப்பதிகாரப் பகுதி கடலாடு காதையில் உள்ளது. ஊடிய கோவலனைக் கூடல்வேண்டி மாதவி தன்னை ஒப்பனை செய்துகொள்ளும் இடம் அது. பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நன்னீரில் அவள் தன் கூந்தலைக் கழுவுகின்றாள். 1892ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் அடியார்க்குநல்லார் உரையுடன் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபின், இப்பத்தும் எவை என்பது கற்றோர்க்கு எளிதில் விளங்கலாயிற்று.

உரை வழக்கிலும் அகராதி வழக்கிலும் இப்பட்டியல் முற்றிலும் ஒன்றாக இல்லை. நாவல், கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய், ஆல், அரசு, அத்தி, இத்தி என்னும் எட்டும் பொதுவாக வருவன. எஞ்சிய இரண்டைப் பூவந்தி, கருங்காலி எனக் கொள்வாரும், முத்தக்காசு, மாந்தளிர் எனக் கொள்வாரும் உளர். இவ்வெட்டினுள் கடுக்காய், நெல்லி, தான்றி மூன்றும் சேர்ந்தவை திரிபலை; ஆல், அரசு, அத்தி, இத்தி நான்கும் நாற்பால் மரம். இவை யாவும் டானின் மிக்கவை என்பதை இக்கால வேதியியலும் உறுதிசெய்கின்றது. கடுக்காயின் உலர்ந்த கனித்தோட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டானினே. வேதியியல் தோன்றுமுன் நாவையே கருவியாகக் கொண்டு செய்த தொகுப்பு இவ்வளவு பொருந்தி நிற்றல் வியப்பிற்குரியது.

எனினும் ஈண்டு ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். இளங்கோவடிகள் இத்துவரைக் கூறியது கூந்தலைத் தூய்மைசெய்யும் நீருக்கு. மாதவி நோயுற்றவளல்லள், அந்நீரை அவள் பருகவுமில்லை. ஆகவே இப்பகுதி துவர்ப்பொருள்களைத் தமிழர் அறிந்து வகைப்படுத்தியிருந்தனர் என்பதற்குச் சான்றாகும். மூட்டு நோய்க்கு மருந்து என்பதற்குச் சான்றாகாது. ஒரு பொருளின் பெயர் ஒரு நூலில் வருதல் வேறு; அப்பொருளுக்கு ஒரு பயன் அந்நூலில் கூறப்படுதல் வேறு.

3. தோல், வலை, சுண்ணம், மை

துவரின் இயல்பை மருத்துவத்தில் மட்டும் தேடுவோர் அதனை முழுதும் அறியார். தொழிற்களங்களிலேயே அது தெளிவாக வெளிப்படுகின்றது. ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் தோல் பதனிடுதல் தமிழகத்தின் நெடுநாளைய தொழில். பச்சைத்தோல் அழுகும், துவர் ஏறிய தோல் அழுகாது. தோலில் உள்ள புரதத்தோடு டானின் பிணைந்து, நீரும் நுண்ணுயிரும் அதனைச் சிதைக்காதவாறு காக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோமியப் பதனீடு சென்னைப் பகுதியில் புகுந்தபின் ஆவாரம்பட்டையின் தலைமை குறைந்தது. செங்கற்பட்டு மாவட்டத்துக் குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் அம்மாற்றத்தின் நினைவுச் சின்னமாக நிற்கின்றது. 1948இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருவகைப் பதனீட்டையும் ஆராய்ந்து வருகின்றது.

கடற்கரையிலும் இதே இயல்பு பயன்பட்டது. நைலான் வலைகள் பரவுமுன், பருத்தி நூலாலும் சணலாலும் பின்னிய வலைகள் உப்புநீரில் விரைவில் இற்றுப்போகாதிருக்க அவற்றை மரப்பட்டைச் சாற்றிலும் துவர்க்காய்ச் சாற்றிலும் தோய்த்துக் காயவைத்தல் மீனவர் வழக்கம். கடுக்காய் ஊறிய நீரைச் சுண்ணாம்புச் சாந்தில் சேர்த்தல் கட்டடத் தொழிலாளர் வழக்கம். கடுக்காய்ச் சாற்றோடு இரும்பு உப்பாகிய அன்னபேதி சேர்ந்தால் கரிய மை உண்டாகும். தாளில் எழுதிய பழைய கையெழுத்துப் படிகளை ஆராய்வோர்க்கு இம்மை புதிதன்று.

இத்தொழில்கள் யாவற்றிலும் துவர் செய்வது பிணித்தல் ஒன்றே. தோலிற் புரதத்தையும் மையில் இரும்பையும் அது பற்றிக்கொள்கின்றது. இவ்வொரு வினையை மனங்கொண்டால், துவரின் மருத்துவப் பயனும் அதன் எல்லையும் தாமே விளங்கும்.

4. செங்கற்பட்டில் ஒரு மருத்துவர்

துவர்ப்பொருள்கள் ஐரோப்பிய மருத்துவ நூல்களில் தமிழ்ப்பெயரோடு ஏறியதற்கும் செங்கற்பட்டிற்கும் தொடர்பு உண்டு. வைட்லா எயின்ஸ்லி என்பார் 1788இல் கிழக்கிந்தியக் கும்பினியின் துணை மருத்துவராகச் சேர்ந்து, இந்தியா வந்தவுடன் செங்கற்பட்டுக் கோட்டைப் படையின் மருத்துவராக அமர்த்தப்பட்டார். பின்னர் அவர் உள்நாட்டு மருந்துகளைத் தொகுத்து எழுதிய நூல் 1813இல் சென்னையிலும், அதன் விரிந்த வடிவம் 'மெட்டீரியா இண்டிகா' என்னும் பெயரில் 1826இல் இலண்டனிலும் வெளிவந்தன. மருந்துப் பொருள்களின் தமிழ்ப்பெயர்களைப் பிறமொழிப் பெயர்களோடு ஒப்பவைத்துக் காட்டியதும், தமிழ் மருத்துவ நூல்களின் பட்டியல் ஒன்றைத் தந்ததும் நம் துறையினர் போற்றத்தக்கன.

அக்காலமே துவர்ப்பொருள் வேதியியலில் இடம்பெற்ற காலமும் ஆகும். பிரான்சு நாட்டுச் செகன் 1790களில் தோல் பதனிடும் பொருளைத் தனியே பிரித்தறிய முயன்றார். இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி 1803இல் வங்காளத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்த காசுக்கட்டியை ஆராய்ந்து, அதில் டானின் மிகுதி என அறிவித்தார். 1962இல் பேட்-ஸ்மித், சுவெயின் என்னும் இருவர், நீரில் கரைந்து, மூலக்கூற்று எடை 500 முதல் 3000 வரை உடையனவாய், புரதங்களை வீழ்படிவாக்கும் பீனாலிக் பொருள்களே டானின்கள் என வரையறுத்தனர். நாவைச் சுருக்குவதும் இவ்வீழ்படிவே: உமிழ்நீரிற் புரதத்தை டானின் பிணித்துவிடுவதால் வாய் வறள்கின்றது. தமிழர் சுவையால் அறிந்ததும் வேதியியலார் சோதனையால் அறிந்ததும் ஒரே நிகழ்ச்சி என்க.

5. சித்த மருத்துவம் கூறுவது யாது?

இனித் துண்டறிக்கை சுட்டிய சித்தர் நூல்களை நோக்குவோம். சித்த மருத்துவம் சுவைகளை ஐம்பூதங்களோடு இயைத்துக் காண்கின்றது. துவர்ப்பு நிலமும் காற்றும் கூடியது. அது பித்தத்தையும் ஐயத்தையும் தணிக்கும்; வாதத்தையோ மிகுவிக்கும். வாதம் மிக்கவர்க்கு இனிப்பும் புளிப்பும் உவர்ப்புமே உரியன என்பது அம்மருத்துவத்தின் சுவைக் கொள்கை.

மூட்டு வீக்கம், வலி, முடக்கம் ஆகியவை அம்மருத்துவத்தில் பெரும்பாலும் வாத நோய்களின்பாற்படும். யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோயை எண்பதாக வகுக்கின்றது. அவற்றுள் உதிரவாத சுரோணிதம் என்பதனை இக்காலத்து முடக்குவாதத்தோடு ஒப்பிடுவர். ஆகவே துவர்ப்பு என்னும் சுவையே முடக்குவாதத்தைத் தீர்க்கும் எனச் சித்தர் நூல்களைச் சான்று காட்டுதல், அந்நூல்களின் அடிப்படைக் கொள்கைக்கே மாறானது.

அற்றேல் கடுக்காயை அம்மருத்துவர் வாத நோயிலும் கையாளுதல் என்னையெனின், கடுக்காய்க்கு உவர்ப்பு ஒழிந்த ஐந்து சுவையும் உண்டு என்பதும், அதனால் அது முக்குற்றங்களையும் சமன்செய்யும் என்பதும் அவர்தம் கருத்து. அதாவது கடுக்காயின் பெருமைக்கு அவர்கள் கூறும் காரணம் துவர் மட்டுமன்று. மேலும் அகத்தே உள்ள கொட்டையை நஞ்செனக் களைந்து, துணைமருந்து கூட்டி, நோயாளியின் நாடியும் வயதும் பருவமும் நோக்கிக் கொடுப்பதே முறை. துண்டறிக்கை இவ்வனைத்தையும் நீக்கி, பொருளை மட்டும் நிறுத்திக்கொண்டது.

துவரை மரபு மருத்துவம் எங்கெங்கே தயங்காது பயன்படுத்தியது என்று நோக்கினும் ஓர் ஒழுங்கு புலனாகும். திரிபலை நீரால் புண் கழுவுதல், ஈறு வீங்கிய வாயைக் கொப்பளித்தல், வயிற்றுப்போக்கைக் கட்டுதல், குருதிக் கசிவை நிறுத்துதல் என்பன அவ்விடங்கள். இவை யாவும் மருந்து நேரே சென்று தொடும் இடங்கள். தோலைப் பதனிட்ட அதே பிணிப்பு இங்கே புண்ணின் மேல் மெல்லிய காப்பாக அமைகின்றது.

6. அழற்சி என்னும் சொல்

அழற்சி என்பது அழல் என்னும் அடியிற் பிறந்தது. எரிவையும் வெப்பத்தையும் குறிப்பது. இலத்தீன் மொழியிலும் இதற்குரிய சொல் தீயின் அடியாகவே பிறந்தது. உரோம நாட்டுச் செல்சசு கி.பி. முதல் நூற்றாண்டில் இதன் குறிகளைச் சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி என நான்காக வகுத்தார். ஆயின் இன்று மருத்துவர் 'நாட்பட்ட அழற்சி நோய்' என்பது, உடலின் காப்பாற்றலே அடங்காது நின்று உடலைத் தாக்கும் நிலைகளையும் உள்ளடக்கியது. முடக்குவாதம், குடல் அழற்சி நோய்கள், நாட்பட்ட ஈறு நோய் முதலியன இதில் அடங்கும். பழநூலில் 'அழல்', 'புண்', 'வீக்கம்' என வரும் இடங்களிலெல்லாம் இப்பொருளைப் புகுத்துதல், பிற்காலத்துப் பொருளை முற்காலத்துச் சொல்லில் ஏற்றும் குற்றமாகும். உரையாசிரியரிடத்தில் இக்குற்றத்தைக் கண்டால் நாம் பொறுப்பதில்லை. மருந்து விற்பாரிடத்தில் மட்டும் பொறுப்பது எங்ஙனம்?

இக்கால ஆய்வுகள் துவரை முற்றும் புறக்கணிக்கவில்லை. கடுக்காயின் செபுலாஜிக் அமிலம், செபுலினிக் அமிலம் முதலிய டானின்கள் சோதனைக் குழாயிலும் விலங்குகளிலும் அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் குறைத்தல் காணப்பட்டுள்ளது. திரிபலை நீரால் வாய் கொப்பளித்தல் பல்லிற் படியும் படலத்தையும் ஈற்றழற்சியையும் குறைத்தமையை இந்தியாவில் நடந்த சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. மரபு சொன்ன இடத்திலேயே ஆய்வும் சான்று தருதல் குறிப்பிடத்தக்கது.

உட்கொள்ளும்போது நிலை வேறு. பெரிய டானின் மூலக்கூறுகள் குடலிலிருந்து குருதியில் எளிதிற் கலப்பதில்லை. அவற்றுள் ஒரு வகையினைக் குடல் நுண்ணுயிர்கள் சிதைத்து யூரோலித்தின் என்னும் சிறு பொருள்களாக மாற்றுகின்றன. அவையே உடலுள் உலவுவன. அந்நுண்ணுயிர்கள் எல்லார் குடலிலும் ஒருபடியாக இல்லாமையால் பயனும் ஒருபடியாக இராது. முடக்குவாதத்தை டானின் நீக்கும் என்று கூறத்தக்க அளவில் மனிதரிடத்துச் சான்று இன்னும் இல்லை. மாறாக, உணவோடு மிகுதியாக உண்ட டானின் உணவிலுள்ள இரும்பைப் பிணித்து, உடல் அதனை ஏற்காதவாறு தடுக்கும். கலத்தில் மையாகும் வினை வயிற்றிலும் நிகழ்கின்றது எனலாம். குருதிச்சோகை மிக்க நம் மகளிர்க்கு இது சிறு செய்தியன்று.

மேனாட்டு வரலாறும் ஒரு பாடம் தருகின்றது. 1925இல் டெட்ராய்ட் நகரத்து டேவிட்சன் என்னும் மருத்துவர் தீப்புண்ணுக்கு டானிக் அமிலத்தைப் பூசும் முறையை அறிவித்தார். புண்ணின் மேற்பரப்பு இறுகி, நீர் வடிதல் குறைந்தமையால் அம்முறை பல நாடுகளில் விரைவிற் பரவியது. பரந்த புண்களில் மிகுதியாகப் பூசியபோது அப்பொருள் உள்ளே சென்று கல்லீரலைச் சிதைத்தல் 1940களின் தொடக்கத்தில் வெளிப்பட, அம்முறை கைவிடப்பட்டது. தாவரத்திலிருந்து வந்தது என்பதனால் மட்டும் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது.

7. நெம்மேலியும் தண்டரையும்

நெம்மேலியை இன்று பலரும் அறிவது, 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்பும் நிலையத்தால். அதனை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உள்ளது. முன்னர் இருளர் பாம்புத் தோலை விற்று வாழ்ந்தனர். அத்தோல்களும் பதனிடும் களங்களுக்கே சென்றன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதனை அடுத்து வந்த ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை முடித்தன. பின்னர் அதே திறமை பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுக்கப் பயன்படலாயிற்று. செங்கற்பட்டை அடுத்த தண்டரையில் 1986இல் தொடங்கிய இருளர் பழங்குடி மகளிர் நலச் சங்கம் மூலிகைகளை வளர்த்தும் மருந்தாக்கியும் வருகின்றது.

இவர்தம் அறிவு ஏட்டில் இல்லை, வாய்மொழியில் உள்ளது. நிகண்டுகள் பத்துத் துவரின் பெயரைத் தந்தன. எப்பட்டையை எப்பருவத்தில் உரிப்பது, எவ்வளவு நீரில் எவ்வளவு நேரம் காய்ச்சுவது, புறத்தே பூசுவது எது, எத்தனை நாளில் நிறுத்துவது என்பவற்றைத் தரவில்லை. எம் துறை மாணவர் சுவடிகளைப் பதிப்பிப்பதோடு அமையாது, இம்மக்களின் மருத்துவச் சொற்களை அவர்தம் இசைவோடும் பெயரோடும் தொகுத்தல் வேண்டும். இருளர் வழக்கில் உள்ள சொல்லும் அளவும் முறையும் பதிவானால், பொருளை மட்டும் பறித்துக்கொண்டு முறையைக் களையும் வணிகத்திற்கு அது தக்க மறுப்பாகும். அறிவியலார் ஆராய்வதற்கும் செம்மையான வினா கிடைக்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், துவர் என்பது டானினையே சுட்டும் பழந்தமிழ்ச் சொல் எனத்தகும் என்பதும், பத்துத் துவர் என்னும் தொகுப்பு வேதியியலுக்குப் பொருந்த அமைந்தது என்பதும், மரபு அதனைப் பெரிதும் தொட்டு ஆற்றும் மருந்தாகவே கொண்டது என்பதும், நாட்பட்ட மூட்டு அழற்சியை அது தீர்க்கும் என்பதற்கு இலக்கியமோ சித்த மருத்துவத்தின் சுவைக் கொள்கையோ சான்றாகாது என்பதும் பெறப்படும். மருத்துவம் என்பது நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து கொடுப்பவன் என்னும் நான்கும் சேர்ந்தது என வள்ளுவர் வகுத்தார். துண்டறிக்கை அந்நான்கில் மூன்றை நீக்கிவிட்டது.

மாணவரிடம் யாம் இவற்றையே கூறினோம். முடக்குவாதம் மருந்தின்றி விடப்பட்டால் மூட்டுகளை அரித்துவிடும் என்றும், அரிபட்ட மூட்டு மீளாது என்றும் மருத்துவர் கூறுவதைத் தாயாரிடம் எடுத்துரைக்குமாறும், கடுக்காயை விரும்பினால் அதனை மறையாது தம் மருத்துவரிடமே உசாவுமாறும் சொல்லி அனுப்பினோம். சில திங்கள் கழித்து அவர் வந்தார். தாயார் மீண்டும் மருத்துவமனைக்குச் செல்கின்றார், வலி தணிந்துள்ளது, வலக்கையின் இரு விரல்கள் மட்டும் வளைந்தவாறே நின்றுவிட்டன என்றார். சிலப்பதிகாரத்தின் ஓர் அடிக்கு ஒருவர் தவறாகப் பொருள் கொண்டதன் விளைவு அவ்விரல்களில் இருக்கக்கூடும் என்னும் எண்ணம் எம்மை விட்டு அகலவில்லை. சொல்லுக்குப் பொருள் வரையறுத்தல் ஏட்டளவில் நின்றுவிடும் தொழிலன்று என்பதை முதுகலை மாணவர் மனங்கொள்வாராக.